வெண்ணெய் ஊறிய டப்பா

கீழ் வீட்டில் சண்டை வராததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். கீழே ஒயர்மேன் குடும்பம். நடுவில் இருக்கிற தளம் மெல்லிசு. கீழே ஸ்பூன் விழுந்தால் இங்கே எனக்குக் கேட்கும். அவனுடைய முதல் பெண்சாதி இருந்த காலத்தில் எனக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. "பல்லு தேய்ச்சியாடி, ஷூ ஒண்ணு இங்க கெடக்கு, இன்னொண்ண நாயா தூக்கிட்டுப் போச்சு" என்று அவள் ஆரம்பித்தால் விடிந்துவிட்டது என்று அர்த்தம். மகளும் சும்மா இருக்காது, பதிலுக்குக் கத்தும். வீடு என்றால் அப்படித்தான் இருந்தது. அவள் காய்ச்சல் என்று படுத்தாள், ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அப்புறம் அப்பனும் மகளும் மட்டும் சில வருஷம் ஓட்டினார்கள்.

போன வருஷம் ஒயர்மேன் இன்னொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். பேக்கரியில் மாவு பிசைகிற வேலையில் இருந்தவள். துணிமணி ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. கூடவே பீரோ அளவுக்கு ஓர் அடுப்பு வந்தது. ஓவன் என்கிறார்கள். அதை உள்ளே கொண்டுபோக வாசல் நிலையைக் கொஞ்சம் செதுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவள் வீட்டிலேயே வெண்ணெய் பிஸ்கட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். தெரு அவளை பிஸ்கட்காரம்மா என்று கூப்பிடுகிறது.

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. பிஸ்கட் மணக்கிறது என்பதற்காக ஒரு ஆளை நம்பிவிட முடியுமா? "பாத்துக்கிட்டே இரு, கொஞ்ச நாள்ல அந்தக் குழந்தைதான் தட்டு கழுவும்" என்று பால்காரனிடம் சொன்னேன். நடந்தது வேறு. ஒரு தம்ளரைக்கூட எடுத்துவைக்க அவள் விடவில்லை. பாப்பாவும் அவளிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாலும் அந்தப் பெண்ணை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாம்மா?"

"போதும், தேங்க்ஸ்."

"தலை வாரி விடட்டுமா?"

"பரவாயில்ல, நானே வாரிக்கறேன். உங்களுக்கு வேலை இருக்கும்."

ஓட்டல்காரனும் சாப்பிட வந்தவனும் பேசிக்கொள்கிற மாதிரி. கூப்பிடுவதற்கு ஒரு வார்த்தையும் கிடையாது. அம்மா இல்லை, சித்தி இல்லை, ஆன்ட்டிகூட இல்லை. அவள் அடுப்படியில் இருந்தால் பாப்பா போய் நிலைப்படியில் நிற்கும். அவள் தானாகத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் நின்றுவிட்டு அப்புறம் பேசும்.

ஒரு நாள் ஓரம் கருகிய பிஸ்கட்டுகளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு பிஸ்கட்காரம்மா போகாமல் நின்றாள்.

"மாமா, பாப்பாவுக்கு என்மேல ஏதாவது கோவமா?"

"கோவமா? அது வாயே திறக்க மாட்டேங்குதே."

"அதான் கேக்கறேன். எங்க அக்கா பிள்ளைங்க அவகிட்ட ஒரு நாளைக்கு நூறு தடவ கத்துதுங்க. இது தண்ணி குடிக்கணும்னாகூட ஸாரி சொல்லிட்டுத்தான் குடிக்குது. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கற ஆளு மாதிரி நடத்துது மாமா என்னை. ஸ்டாப் வந்தா எறங்கிடுவேன்னு நெனைக்குதோ என்னவோ."

"எறங்கப் போறியா?"

"நான் எதுக்கு எறங்கணும்? அந்த ஓவனத் திரும்ப யாரு தூக்கறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். காலில் ஒன்றும் வலி இல்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் அந்த டப்பா வேலையைக் கொடுத்தார்கள். டிராயிங் டீச்சர் சொல்லிவிட்டாராம்: ஆளுக்கு ஒரு தின்பண்டம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பேர் வைக்க வேண்டும், அடையாளமாக ஒரு சின்னம் வரைய வேண்டும், நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும், கடைசியில் நிஜமான டப்பா செய்து கண்காட்சியில் வைக்க வேண்டும். எனக்குக் கேட்டதுமே பிடிக்கவில்லை. டப்பாக்காரன்களிடம் வாழ்நாள் பூராவும் ஏமாந்தவன் நான். மேலே படத்தில் முழு முந்திரி இருக்கும். உள்ளே முந்திரி நடந்துபோன தடம்தான் இருக்கும். அதைப் பிள்ளைகளுக்கு வேறு சொல்லித் தரவேண்டுமா?

பாப்பா அட்டையும் பேனாவுமாக மாடிக்கு வந்தது.

"தாத்தா, ஒரு சர்வே."

"நான் எதையும் வாங்கறதா இல்ல."

"விக்க வரல. கேள்வி கேக்க வந்திருக்கேன். பிஸ்கட் வாங்கும்போது முதல்ல எதப் பாப்பீங்க?"

"என் பல்லுக்குத் தாங்குமான்னு பாப்பேன்."

"டப்பாவப் பாக்க மாட்டீங்களா?"

"டப்பாவையா திங்கப் போறேன்?"

அது குனிந்து எழுதியது.

"என்ன எழுதற?"

"'இவர் நம்ம கஸ்டமர் இல்ல'ன்னு எழுதறேன். சரி, அடுத்த கேள்வி. சிவப்பும் மஞ்சளும் பாத்தா பசி வரும்னு டீச்சர் சொன்னாங்க. உங்களுக்கு வருதா?"

"அப்ப தீயணைப்பு வண்டி வந்தா ஊரே தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கணுமே."

பாப்பா சிரித்துவிட்டது. "இதையும் எழுதிக்கறேன்" என்றது.

"எல்லாரும் என்ன பண்டம் எடுத்திருக்காங்க?"

"சாக்லேட், ஐஸ்கிரீம், ஜூஸ். நான் மட்டும்தான் பிஸ்கட். வீட்டுல செய்யறது."

"யாரு செய்யறது?"

"வீட்டுல" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனது.

அதற்கப்புறம் நான் டீ குடிக்கிற சாக்கில் கீழே போக ஆரம்பித்தேன். அடுப்படி மேசையில் ஒரு பக்கம் அவள் மாவு பிசைவாள், இன்னொரு பக்கம் பாப்பா படம் வரையும். வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு அவள் அடிக்கிற அடியில் பென்சில் உருண்டு ஓடும். பாப்பா ஒன்றும் சொல்லாமல் எடுத்து மறுபடி வைத்துக்கொள்ளும். வெண்ணெய் வெளுத்துப் பஞ்சு மாதிரி ஆகிற வரைக்கும் அவள் கை நிற்காது. அப்புறம் மாவைச் சலித்துக் கொட்டுவாள். விரல் நுனியால் சேர்ப்பாள், அழுத்திப் பிசைய மாட்டாள். உருட்டித் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலால் ஓர் அமுக்கு. தட்டு உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் தெருவில் போகிறவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு போவான்.

பாப்பா முதலில் பிஸ்கட்டுக்குக் கண் மூக்கு வைத்து வரைந்தது. டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். வகுப்பில் எல்லோரும் கண் மூக்கு வைத்துவிட்டார்களாம், ஜூஸுக்குக்கூட. அடுத்தது பசு மாடு. "மாடு நல்லா இருக்கு, ஆனா பிஸ்கட்ட மாடா திங்குது?" என்று நான்தான் கெடுத்தேன். மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டது. உள்ளே கோணலாக ஒரு குழி. அவ்வளவுதான்.

"இது என்ன, நசுங்கின நிலாவா?" என்றேன்.

"கட்டைவிரல். அவங்க பிஸ்கட் நடுவுல அமுக்குவாங்கல்ல? எல்லாக் குழியும் கொஞ்சம் இடது பக்கமா சாஞ்சிருக்கும். அதான் லோகோ."

பிஸ்கட்காரம்மா கையை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தாள். எல்லாம் ஒரு பக்கமாகத்தான் சாய்ந்திருந்தன. பிறகு தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தன வருஷமா அமுக்கறேன். எனக்கே தெரியாது" என்றாள். "நேரா அமுக்கட்டுமாம்மா?"

"வேணாம், ப்ளீஸ். அப்படியே இருக்கட்டும். தேங்க்ஸ்."

மறுபடியும் தேங்க்ஸ். ஆனாலும் அன்று மீதித் தட்டை அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அமுக்கினாள்.

பிஸ்கட்டுக்கு 'இன்டர்வெல்' என்று பேர் வைத்தது பாப்பா. மணி அடித்ததும் பிள்ளைகள் டிபன் டப்பாவைத் திறந்து தின்கிற பிஸ்கட்டாம். எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது. அதை நான் வெளியில் சொல்லவில்லை.

டப்பா செய்வதுதான் பெரிய பாடாகிவிட்டது. ஒரே அட்டையில் ஆறு பக்கமும் விரித்து வரைய வேண்டும், ஒட்டுவதற்கு ஓரத்தில் நாக்கு மாதிரி விட வேண்டும், அப்புறம் வெட்டி மடிக்க வேண்டும். ஒயர்மேன் வேலை முடிந்து வந்து ஸ்கேல் பிடித்தான். அவன் ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டு, நிஜமாகவே போட்டோமா என்று திரும்ப வந்து பார்க்கிற ஆள். ஒரு கோட்டை நாலு தடவை அளந்தான். மஞ்சள் பூசி, சிவப்பில் எழுத்து எழுதி, நடுவில் அந்தக் கோணல் குழி. அதோடு விடவில்லை பாப்பா. டப்பாவின் உள்பக்கத்திலும் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டைவிரல் குழிகள் வரைந்தது. ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

"உள்ள யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"திறக்கறவங்க பாப்பாங்க" என்றது.

டப்பா அமுங்காமல் நிற்கப் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்தது. டீச்சர் அப்படித்தான் சொன்னாராம். பீரோ மேல் ஏற்றிக் காய வைத்தது.

கண்காட்சிக்கு முதல் நாள். பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தது. நான் கீழே டீயோடு உட்கார்ந்திருந்தேன். தட்டு வெளியே வந்ததும் பிஸ்கட்காரம்மா அந்த டப்பாவை இறக்கி மேசைமேல் வைத்தாள். செய்தித்தாளை உருவி எடுத்தாள்.

"என்ன பண்ற?"

"பாருங்க மாமா, பழைய பேப்பர். நாளைக்கு நாலு பேரு தூக்கிப் பாப்பாங்க. காத்தாட்டம் இருந்தா என்ன நெனைப்பாங்க? பிஸ்கட்காரி வீட்டு டப்பாவுல பிஸ்கட் இல்லையான்னு கேக்க மாட்டாங்களா?"

"அதுவும் சரிதான். டப்பான்னா உள்ள சரக்கு இருக்கணும்" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தட்டிலேயே அழகானவையாகப் பொறுக்கினாள். எண்ணெய் ஊறாத பட்டர் பேப்பர் ஒன்றை எடுத்தாள். கடைக்குப் போகிற டப்பா எதிலும் பட்டர் பேப்பர் விரிக்காமல் அவள் ஒரு பிஸ்கட் வைத்தது கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் கை முதலில் அதைத்தான் தேடும். ஆனால் அன்றைக்கு டப்பாவுக்குள் பார்த்தவள், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். உள்ளே வரிசையாக அவளுடைய கட்டைவிரல்.

"இத மூடவா?" என்றாள். "எப்படிக் குனிஞ்சு குனிஞ்சு போட்டுச்சு. யாராவது திறந்தா தெரிய வேணாமா?"

பேப்பரை மடித்துத் திரும்ப வைத்துவிட்டாள். பிஸ்கட் இன்னும் முழுசாக ஆறவில்லை. படத்தின் மேலேயே அடுக்கி, மூடி, பீரோ மேல் ஏற்றிவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் டீயைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்தேன்.

சாயங்காலம் பாப்பா வந்த சத்தம் கேட்டது. பை விழுந்த சத்தம். நாற்காலியை இழுக்கிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது ஒரு கத்தல். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தாம்மா. காலியா இருக்கேன்னு…"

"காலியாத்தான் இருக்கணும்! டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க! பாரு, பூரா எண்ணெயா ஊறியிருக்கு! எழுத்தெல்லாம் போச்சு! உன்ன யாரு போடச் சொன்னா?"

"ஐயோ… சூடு ஆறலையே, நான் யோசிக்கவே…"

"பேப்பர்கூடப் போடல! கடைக்குப் போறதுக்கெல்லாம் பாத்துப் பாத்துப் போடுவ, என்னுதுக்கு மட்டும் போட மாட்டியா? என்னுதுன்னா எப்படி இருந்தா என்ன, இல்ல?"

"உன் படத்த மூட வேணாம்னுதான்டி போடல!"

"படமே போச்சே!"

"போச்சுதான்! தப்புதான்! அதுக்குன்னு காதுல வந்து கத்துவியா? நான் என்ன செவுடா?"

"கத்துவேன்!"

"கத்து!"

நான் படி இறங்கினேன். கீழே ஒயர்மேன் கருவிப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"சித்தப்பா, எங்க சத்தம்?"

"உன் வீட்டுலதான்."

"என் வீட்டுலயா?" அவன் முகம் வெளுத்துவிட்டது. "அவ கெளம்பிடுவாளா சித்தப்பா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. இவ்வளவு நாள் அடக்கி வைத்தது இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது, இனி ஒட்டாது. "ஓவன் தூக்க ஆளு பாத்து வை" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவன் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

கதவு திறந்தது. பிஸ்கட்காரம்மா. கன்னத்தில் மாவு. கண் சிவந்திருந்தது.

"என்ன ரெண்டு பேரும் இங்க நிக்கறீங்க?"

"சத்தம் கேட்டுச்சு…" என்றான் ஒயர்மேன்.

"கேக்கத்தான் செய்யும். நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."

"பாப்பா அழுவுதா?"

"அழுவுறா. நானும்தான் அழுவுறேன். நீங்க போய் வெள்ள அட்ட ரெண்டு வாங்கிட்டு வாங்க. ரொம்பக் கெட்டியா வேணாம், மடிக்க வராது."

உள்ளிருந்து குரல் வந்தது. "கெட்டியாத்தான் வேணும்! மெல்லிசா இருந்ததாலதான் ஊறிடுச்சு!"

"கெட்டியா இருந்தாலும் ஊறும்டி! எனக்கா வெண்ணெயப் பத்திச் சொல்லித் தர?"

"அப்ப தெரிஞ்சே போட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணு வாங்கிட்டு வந்துரு" என்றேன். அவன் ஓடினான்.

நான் உள்ளே போனேன். மேசைமேல் டப்பா கிடந்தது. மஞ்சள் பூராவும் திட்டுத் திட்டாகக் கறுத்து, அட்டை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தது. மூடி வளைந்து வாயைப் பிளந்திருந்தது. உள்ளே இருந்த பிஸ்கட் மட்டும் ரொம்ப நன்றாக இருந்தது. ஒன்றை எடுத்தேன்.

"தாத்தா! வைங்க கீழ! நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்களாமே?"

பிஸ்கட்காரம்மாவைப் பார்த்தேன். "காட்டிக் குடுத்துட்டியே."

"நான் மட்டும் ஏன் தனியா திட்டு வாங்கணும்?"

அட்டை வந்தது. எல்லோரும் உட்கார்ந்தோம். பாப்பா வரைந்தது, அவள் வெட்டினாள். டப்பா மடித்துப் பழகிய கை, மூலை மூலையாகச் சட்டென்று திருப்பியது. ஒயர்மேன் பசை தடவினான். என்னை ஓரத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். சண்டை ஓயவில்லை. கோணல் என்று ஒருத்தி, உன் கண்ணுதான் கோணல் என்று இன்னொருத்தி. அப்போதுதான் சிவப்பு ஒரு சொட்டு மஞ்சளில் விழுந்தது. பிஸ்கட்காரம்மாவின் முழங்கை பட்டு விழுந்தது.

பாப்பா பிரஷ்ஷைக் கீழே போட்டது.

"எங்க அம்மாவா இருந்தா என் படத்த தொட்டிருக்கவே மாட்டாங்க."

ஒயர்மேன் பசை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிஸ்கட்காரம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது பாப்பா" என்றாள். "நான் அவங்கள பாத்ததில்ல."

நான் பார்த்திருக்கிறேன். மேலே இருந்து வருஷக்கணக்காகக் கேட்டும் இருக்கிறேன். எனக்குப் பொய் பிடிக்காது, செத்துப்போனவர்களைப் பற்றி என்றாலும் சரி.

"உங்க அம்மாவா? தொட மாட்டாளா? நீ தரையில காயவெச்ச படத்துமேல சூடு பாத்திரத்த எறக்கி வெச்சவதானே அவ. அடியில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. நீ போட்ட சத்தத்துல நான் கீழ ஓடி வந்தேன், யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு."

பாப்பா என்னை முறைத்தது. பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"மயில் படம்" என்றது.

"மயிலா அது? நான் இத்தன நாளும் கோழின்னு நெனைச்சேன்."

"மயில்! தோகை இருந்துச்சு!"

"தோகை மேலதான் பாத்திரம் இருந்துச்சே" என்றான் ஒயர்மேன். ரொம்ப நாளாக அவன் அவளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "நீ ரெண்டு நாள் அம்மாகிட்ட பேசல. அப்புறம் பசிக்குதுன்னு வந்துட்ட."

பிஸ்கட்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"நீ சிரிக்காத!" என்றது பாப்பா. ஆனால் அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்புச் சொட்டை என்ன செய்வது என்று மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் அதை ஒரு பிஸ்கட் துணுக்காக மாற்றிவிட்டது பாப்பா. உள்பக்கம் வரைய நேரம் இல்லை. வெறுமையாகவே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் கண்காட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சர்வேயில் பதில் சொன்னவர்கள் வந்தே ஆகவேண்டுமாம். ஒயர்மேனுக்கு எங்கோ மீட்டர் எரிந்துவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார்கள். வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் காற்று.

"பெரியவரே, தொடாம பாருங்க, ப்ளீஸ்" என்றார் டிராயிங் டீச்சர். சின்ன வயசுதான். நகத்திலெல்லாம் சாயம், முகத்தில் தூக்கம் இல்லை. எல்லாப் பிள்ளைகளின் டப்பாவும் விழாமல் நிற்க அடியில் களிமண் வைத்து ஓடிக்கொண்டிருந்தார். சரி, ஏமாற்றுக்காரி இல்லை என்று விட்டுவிட்டேன்.

பாப்பாவின் டப்பா கடைசிப் பெஞ்சில் இருந்தது. உள்ளே பழைய பேப்பர்தான். பக்கத்தில் ஒரு தட்டில் பிஸ்கட். இரண்டு பேரும் காலையிலேயே சண்டை போட்டு இந்த முடிவுக்கு வந்திருந்தார்கள். பக்கத்துப் பெஞ்சில் ஒரு சாக்லேட் டப்பா கடையில் வாங்கின மாதிரியே பளபளவென்று நின்றது. பாப்பாவும் அவளும் அதைப் பார்த்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க அப்பா ஆபீஸ்ல பிரின்ட் போட்டது" என்று பாப்பா காதோடு சொன்னது.

"பாத்தாலே தெரியுது" என்றாள் அவளும் காதோடு.

அப்போது நன்றாக உடுத்திய ஓர் அம்மா வந்து நின்றாள். யாரோ ஒரு பிள்ளையின் தாயார். டப்பாவைப் பார்த்தாள், ஒரு பிஸ்கட் எடுத்துக் கடித்தாள், கண்ணை மூடித் திறந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கே! நீங்களா செஞ்சது? நீங்க இந்தப் பொண்ணுக்கு…?" என்று இழுத்தாள்.

பிஸ்கட்காரம்மாவின் கை தன்னால் துணி நுனியைப் பிடித்துத் திருகியது.

பாப்பா டப்பாவின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னோட முதல் டப்பாவ நாசம் பண்ணவங்க இவங்கதான்" என்றது. அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "நீ சும்மா நிக்காத, அந்தத் தட்ட அந்தப் பக்கம் தள்ளு. இதுமேலயும் பட்டுத் தொலைக்கப் போகுது."

"தள்ளறேன்டி, கத்தாத" என்றாள் பிஸ்கட்காரம்மா. தட்டைத் தள்ளினாள். பிறகு அந்த அம்மாவிடம் நிமிர்ந்து, "இப்படித்தாங்க, வீட்டுலயும் ஒரே சத்தம். இன்னொண்ணு எடுத்துக்கோங்க" என்றாள்.